காற்றுக்கு முதுகு காட்டிய பறவைகள்

கெலவரப்பள்ளி அணையில் தேங்கிய தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும் இடத்தில், இருநூறு முந்நூறு பறவைகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஜெகதீஷுக்கு அது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ரேஷன் அரிசி நிரப்பிய துணிப்பையின் மேல் கேமராவை வைத்துக் குப்புறப் படுத்திருந்தான். லென்ஸை மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தபோது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது. பிறகுதான் இறகுகளைப் பார்த்தான். கொக்குகளுக்கும் நாரைகளுக்கும் முதுகு இறகெல்லாம் தூக்கிக்கொண்டு சிலிர்த்து நின்றது.

காற்றடிக்கும்போது எந்தப் பறவையும் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். இறகு படிந்திருக்கவும், ஆபத்து வந்தால் சட்டென்று எழும்பவும் அதுதான் வசதி. படமெடுக்கிற எல்லாருக்கும் இது பாலபாடம். அன்றைக்குப் பங்குனிக் காற்று காலையிலிருந்தே இடப்பக்கத்திலிருந்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதந்த வெள்ளை நுரையைக் கட்டி கட்டியாகப் பிய்த்துச் சேற்றின் மேல் உருட்டிவிட்டது. சோப்பும் சாக்கடையும் கலந்த அந்த நாற்றத்தில் அவனுடைய இடது காதுக்குள் காற்று ஓயாமல் இரைந்தது. எல்லாப் பறவையும் இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் வலப்பக்கம் பார்த்தன.

ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பது அவன் வேலை. ஒரே மாதிரி ஆயிரம் வந்தால் அதில் தப்பாக இருக்கிற ஒன்றைப் பிடிக்க வேண்டும். இங்கே ஒன்றுகூடச் சரியாக இல்லை.

அறுபது அடி பின்னால், கரைமேட்டில், கருவேல மர நிழலில் பொற்கொடி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் அவனோடு பறவை பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை. அவனுக்கு நைட் ஷிப்ட், அவளுக்குப் பகல் ஷிப்ட். இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையையும் அவன் கேமராவோடு கழித்துக்கொண்டிருந்தான். போன வாரம் அவள் அரூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். கெஞ்சிக் கூத்தாடி அவளை நிறுத்தியிருந்தான். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் தன்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று அன்றுதான் அவனுக்கு உறைத்தது. இன்று காலை வண்டியில் வரும்போது, அவன் முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"கொக்கப் பாக்கற மாதிரி என்னை ஒரு நாளாச்சும் பாத்திருக்கீங்களா?"

அவன் சிரித்து மழுப்பினான். கரைக்கு வந்ததும் விதிகளைச் சொல்லிக்கொடுத்தான். பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, போனை சைலண்டில் போட வேண்டும். அவன் உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கினால் அசையாமல் இரு என்று அர்த்தம். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை போல வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

பறவைகள் எதைப் பார்க்கின்றன என்று தேடினான். வலப்பக்கம் வெறும் தண்ணீர், அதன்மேல் ஒரு ஆள் உயரத்துக்கு ஒதுங்கிக் கிடந்த நுரை. நாய் இல்லை, பாம்பு இல்லை, மேலே பருந்தும் இல்லை. ஆனாலும் இரை தேடிக்கொண்டிருந்த நெடுங்கால் உள்ளான்கள்கூட அலகைத் தூக்கி அந்த நுரையையே பார்த்தன. ஒன்றும் கத்தவில்லை. ஆட்கள் வந்தால் முதலில் ஊரைக் கூட்டுகிற ஆள்காட்டிக் குருவிகூட வாயை மூடிக்கொண்டு நின்றது.

அப்புறம் தலைகள் நகர்ந்தன.

எல்லாம் ஒன்றாக, கொஞ்சமே கொஞ்சம். திரும்பவும் கொஞ்சம். ஒரு ஆள் அவசரமில்லாமல் நடந்து வந்தால் அவரைப் பார்க்கிறவர்களின் தலை எப்படித் திரும்புமோ அந்த வேகத்தில். அவன் அந்தப் பார்வைகள் போய்ச் சேரும் இடத்தைக் கண்ணால் கூட்டிப் பார்த்தான். முதலில் நுரை. பிறகு தண்ணீரின் ஓரம். பிறகு சேறு. அங்கே எதுவும் இல்லை. சேற்றில் ஒரு தடம்கூட விழவில்லை.

எழுந்து பொற்கொடியிடம் போயிருக்கலாம். அவனுக்கு அது தோன்றவும் செய்தது. ஆனால் அதே நொடியில் தலைகள் இன்னும் கொஞ்சம் திரும்பி, முந்நூறு பறவைகளும் நேராக அவனுடைய லென்ஸுக்குள் பார்த்தன. இப்படி ஒரு படம் யாருக்கும் கிடைத்திருக்காது. பயத்தையும் மீறி ஆசை வந்துவிட்டது. விரலை அமுக்கினான். கேமரா படபடவென்று எடுத்துத் தள்ளியது.

அவனுடைய இடது காது அமைதியானது.

காற்று நிற்கவில்லை, தூரத்தில் கோரைகள் சாய்ந்துகொண்டுதான் இருந்தன. அவனுக்கும் காற்றுக்கும் நடுவே மட்டும் ஏதோ வந்து நின்றது போல, இரண்டு மூன்று மூச்சு நேரம், இரைச்சலே இல்லை. பிறகு மறுபடி கேட்டது.

பின்னாலிருந்து பொற்கொடி தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க..."

அவன் திரும்பவில்லை. பேசாதே என்று சொன்னேனே என்றுதான் முதலில் நினைத்தான். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினான். அசையாதே. இன்னும் ஒரே ஒரு நிமிஷம்.

அவள் மறுபடி கூப்பிடவில்லை.

பறவைகளின் கண்கள் அவனைத் தாண்டி, அவன் தலைக்கு மேலாக, கரைமேட்டைப் பார்த்தன. அங்கேயே நின்றன. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவை அவனைப் பார்க்கவே இல்லை.

விழுந்தடித்துக்கொண்டு எழுந்தான். சேறு காலைப் பிடித்தது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். பொற்கொடி வைத்த இடத்தில் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். கையிரண்டும் மடியில். தோளில் ஒரு நுரைக்கட்டி ஒட்டியிருந்தது, காற்றில் அது ஆடவில்லை. அவள் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்தாதீங்க. பறவை போயிரும்."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கையைப் பிடித்துப் பார்த்தான், ஈரமாக இல்லை, ஆனால் தண்ணீரில் ஊறிய கை போலக் குளிர்ந்திருந்தது. எதற்காகக் கூப்பிட்டாய் என்று கேட்டான். நான் எங்கே கூப்பிட்டேன் என்றாள். ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிராந்தி, நைட் ஷிப்ட் பார்த்த கண் இப்படித்தான் ஏமாற்றும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வீட்டுக்குப் போகலாம், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை உனக்குத்தான் என்று அவளிடம் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

அவள் எழுந்தாள். சேற்றில் நின்ற முந்நூறு தலைகளும் நிமிர்ந்தன. அவள் வண்டியைப் பார்த்து நடந்தாள். தலைகளும் கூடவே திரும்பின. ஜெகதீஷ் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பத்து அடி நடந்து பார்த்தான். அவனோடு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

வழியெல்லாம் அவன் மேலே பார்க்காமல்தான் ஓட்டினான். ஆனாலும் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த மைனாக்கள் கண்ணில் பட்டன. வாலை வளைத்துக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சிப்காட் ரோட்டில் குப்பை கிளறிக்கொண்டிருந்த காக்கைகள் கிளறுவதை நிறுத்தின. பொற்கொடியின் கை அவன் இடுப்பைச் சுற்றியிருந்தது. சட்டைக்கு மேலேயே அந்தக் குளிர் தெரிந்தது. அவள் முகத்தை அவன் முதுகில் சாய்க்கவில்லை. அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறானா, அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறானா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

மாடி வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். அவன் ஹாலில் ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தான். கேமராப் பையைத் திறக்கவில்லை. உச்சிவேளை வெயில் வெளியே கொளுத்தியது. எதிரே பாதி கட்டி நிறுத்தின அடுக்குமாடியின் விளிம்பில் எப்போதும் இருக்கிற புறாக்கள், நாற்பது ஐம்பது இருக்கும், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. புறாக்கள் சமையலறைச் சுவரைப் பார்த்தன. குழாய் நின்றது. பாத்திரம் வைக்கிற சத்தம் படுக்கையறையை ஒட்டிய சமையல் மேடையில் கேட்டது. தலைகள் அந்தப் பக்கம் நகர்ந்தன. சுவரும் கதவும் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்க அவன் எழுந்து போகவே வேண்டியதில்லை.

அவன் அரூருக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தான். என்னவென்று சொல்வது? உங்கள் பெண்ணை அசையாமல் இருக்கச் சொன்னேன் என்றா? அவள் கேட்டாள், அப்படியே இருந்தாள் என்றா?

சத்தம் எதுவும் கேட்கவில்லை.

கரண்டி இல்லை. கொலுசு இல்லை.

புறாக்களின் தலைகள் திரும்பத் தொடங்கின. படுக்கையறைப் பக்கத்திலிருந்து. மெல்ல. சமையலறை வாசல். ஹால். அவனுடைய நாற்காலி.

நின்றன.

அவன் திரும்பவில்லை. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. சோப்பும் சாக்கடையும் கலந்த நாற்றம். ஒரு ஆள் நின்றால் தலை இருக்கிற உயரத்தில், அவன் உச்சிக்கு மேலே, அத்தனை கண்களும் குவிந்திருந்தன. அவன் புறாக்களையே பார்த்தான். அவற்றைத் தவிர வேறெதையும் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"சாப்புட வாங்க," என்றது பொற்கொடியின் குரல்.

வெளியே காற்று புறாக்களின் முதுகு இறகைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் சிறகடிக்கவில்லை. பிறகு அத்தனை தலைகளும் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக, கீழே இறங்கின. குனிகிற யாரையோ பார்ப்பது போல. அவன் காது இருக்கிற உயரத்துக்கு வந்து, நின்றன.