ஆறு பிடித்த திருகை

கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாயிற்று. இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. உள்ளங்கை கன்றிப் போயிருக்கிறது. ஆகவே யாரும் நடுவில் "அப்படியா?" என்று கேட்கக் கூடாது.

"வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி!" என்றார் பிக்கின். "அதுவரைக்கும் உங்க இஷ்டம் போலத் தோண்டுங்க. பன்னிரண்டு அடிச்சா, இந்தச் சேறு முழுக்க ஜல்லி. நான் ரோடு போட்டாகணும்."

இங்கிலாந்தில் தம்பிள்ஹாம் என்று ஓர் ஊர். அங்கே சாலை போட வந்த காண்டிராக்டர்தான் பிக்கின். அவருக்கு எதிரே முழங்கால் பூட்ஸோடு நின்றவள் மரகதவல்லி. பென்னாகரத்துக்காரி, தொல்லியல் படித்தவள். ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன்னால், ஆங்கிலோ-சாக்சன் மக்கள் கட்டிய தண்ணீர் ஆலை ஒன்று இந்தச் சதுப்புக்குள் புதைந்திருக்கிறது என்று மூன்று வருஷமாகச் சொல்லி வந்தாள். நம்பியது ஒரே ஆள். அவளுடைய கொழுந்தன் குப்புராசு. அவனும் அண்ணி சொன்னதால் நம்பினான். ஆலையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பம்ப்செட் மெக்கானிக். ஊரிலிருந்து வரும்போது ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரைப் பிரித்து, வேட்டிக்குள் சுற்றி, பெட்டியில் போட்டுக் கொண்டு வந்திருந்தான்.

மூன்றாவது ஆள் பெனடிக்டா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், குழிகளை அளந்து படம் வரைபவள்.

திங்கட்கிழமை காலை மூவரும் சேற்றில் இறங்கினார்கள். கையில் பழைய அரசன் ஒருவன் நிலம் கொடுத்த பட்டயத்தின் நகல்.

"நம்ம செப்பேட்டுல நாலு எல்லை சொல்லுவாங்கள்ல, அதே மாதிரிதான்," என்றாள் மரகதம். "முள்மரத்துல ஆரம்பிச்சு, ஓநாய்க் குழியத் தாண்டி, நாரைக் குளத்தச் சுத்தி, ஆலை வாய்க்கால் வரைக்கும்."

"ஓநாய் இப்ப இருக்குதா அண்ணி?"

"செத்து எண்ணூறு வருஷம் இருக்கும்."

"அப்ப பரவால்ல. பசி அடங்கியிருக்கும்."

ஓநாய்க் குழியருகே சேறு ராசுவின் இடது பூட்ஸை விழுங்கியது. (வியாழக்கிழமை அது ஊரின் மறுகோடியில், தேவாலய வாசலில், பாலிஷ் போட்டு வந்து நின்றது.) நாரைக் குளத்தில் ஒரு விலாங்கு மீன் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. தலை கடந்து போய்விட்டது, வால் இன்னும் வரவில்லை. பெனடிக்டா பிளாஸ்கைத் திறந்து மூவருக்கும் தேநீர் ஊற்றினாள். குடித்து, குவளையைக் கழுவி, இரண்டாம் தடவையும் குடித்த பிறகுதான் வால் வந்தது.

"பெரிய மீன்தான்," என்றான் ராசு.

"இல்லை, இது குஞ்சு," என்றாள் பெனடிக்டா.

குளத்துக்கு அப்பால், ஸ்னெல் ஆற்றின் கரையோரம், மண்வெட்டி 'டொக்' என்றது. கருவாலி மரம், அதாவது ஓக்! மையில் ஊறியது போலக் கறுத்திருந்தது.

செவ்வாய் முழுக்கத் தோண்டினார்கள். புதனும் தோண்டினார்கள். ஒரு தொட்டி, தண்ணீர் இறங்கச் சரிவான ஒரு மரத் தூம்பு, ஒரு கறுப்புக் கல், குழியின் அடியில் படுத்துக் கிடக்கும் வட்டமான ஏதோ ஒன்று. ஆனால் சக்கரத்தைக் காணோம்! நிமிர்ந்து நிற்கும் சக்கரத்துக்கு அச்சு போகும் ஓட்டை வேண்டுமே என்று மரகதம் சுவர்ப் பலகைகளை அங்குலம் அங்குலமாகத் தடவினாள். ஓட்டை இல்லை. தோண்டத் தோண்டத் தண்ணீர் வேறு ஊறியது.

"சக்கரம் இல்லாம ஆலைன்னு எப்படிச் சொல்றது ராசு? பிக்கின் சிரிப்பார். மூணு வருஷம் போச்சு." மரகதம் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

ராசுவுக்குத் தாங்கவில்லை. தனக்குத் தெரிந்ததைச் செய்தான். வியாழக்கிழமை மோட்டாரைப் பூட்டி ஓடவிட்டான். எப்படிப்பட்ட ஓட்டம்! குழி வற்றியது, பக்கத்துச் சேறு வற்றியது, கரைக்கு அந்தப் பக்கம் ஆற்றிலேயே ஒரு முழம் குறைந்தது. வெள்ளி காலை குழிக்குள் தூசி பறந்தது. ராசு பெருமையோடு நின்றான்.

பதினோரு மணிக்கு 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு 'பட் பட்'.

"ஐயோ ராசு! என்ன விசர் வேலை செய்தனீர்?" பெனடிக்டா அலறினாள். "மரம் வெடிக்குது! நிப்பாட்டும்!"

"ஈரம் போகட்டும்னுதான…"

"ஈரத்திலதான் அது இவ்வளவு காலம் உயிரோட கிடந்தது! காய்ஞ்சா தூள்தான்!"

ராசு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான். கறுத்த பலகையில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள் ஓடின. அண்ணியின் மூன்று வருஷம் அவன் கண்ணெதிரே பிளந்துகொண்டிருந்தது. அவள் திட்டவில்லை. அதுதான் கொடுமை.

"தண்ணிய விடு ராசு," என்றாள்.

மண்வெட்டியை எடுத்தான். ஒரே வெட்டு, இரண்டு, மூன்று! கரை உடைந்தது. ஸ்னெல் ஆறு உள்ளே பாய்ந்து, சரிவுத் தூம்பில் இறங்கி, அடியில் படுத்திருந்த வட்டத்தின் விளிம்பில் அடித்தது.

வட்டம் அசைந்தது.

"அண்ணீ! மூடி சுத்துது!"

மூடியல்ல. விளிம்பைச் சுற்றிலும் அகப்பை போலக் குடைந்த பலகைகள். ஒவ்வொரு அகப்பையும் தண்ணீரை வாங்கி வாங்கித் தள்ளியது. நடுவில் நின்ற தண்டு சுழன்றது. தண்டின் தலையில் இருந்த கறுப்புக் கல்லும் கூடவே சுழன்றது.

மரகதம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "திருகைடா! எங்கம்மா வீட்டுத் திருகை! நான் நிக்கிற சக்கரத்தத் தேடிக்கிட்டிருக்கேன், இது படுத்த சக்கரம்! பல்சக்கரமே வேண்டாம். கைப்பிடிய ஆறு பிடிச்சுச் சுத்துது, அவ்வளவுதான்!"

ராசு குனிந்து பார்த்தான். தண்டின் அடி முனையில் கடுகளவும் தேயாத எஃகுக் குமிழ். பலகைகளில் கோடரி பட்ட தடம் தெரிந்தது. ஓர் ஆணிகூட இல்லை. கல்லோ கடல் தாண்டி வந்த எரிமலைக் கல், ஆப்பம் போல முழுக்கப் பொத்தல். தேயத் தேயப் புதுப் பொத்தல் திறக்கும், கொத்தவே வேண்டாம். இருபது வருஷம் மோட்டாரோடு மல்லுக்கட்டியவன் அவன். பேரிங் மாற்றாமல் ஆயிரத்து இருநூறு வருஷம் நின்று, தண்ணீர் வந்ததும் முனகாமல் ஓடும் யந்திரத்தை இப்போதுதான் பார்க்கிறான். தலைப்பாகையை அவிழ்த்தான்.

பன்னிரண்டு அடித்தது. பிக்கின் ஜல்லி லாரியோடு வந்தார்.

"ஒரு நிமிஷம், சார்." ராசு, தன் அம்மா கொடுத்தனுப்பிய கேழ்வரகைக் கல்லின் நடுவிலிருந்த குழியில் கொட்டினான். விளிம்பில் மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. பெனடிக்டா அடுப்பு மூட்டினாள். மரகதம் களி கிண்டினாள். பிக்கின் முதல் உருண்டையை நின்றபடி சாப்பிட்டார். இரண்டாவதை உட்கார்ந்து சாப்பிட்டார். நான்காவதுக்குப் பிறகு லாரிக்காரனிடம், "ரோட்ட அந்தப் பக்கமா வளைச்சுப் போடுப்பா," என்றார்.

மரகதவல்லியை ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போனது. மரத்தின் வளையங்களை எண்ணி வயதைக் கணக்கிட்டார்கள். அவள் சொன்ன வருஷம் அப்படியே வந்தது. ராசு தன் மோட்டார்ப் பெட்டியின் மூடியில் பெயிண்டால் எழுதிவைத்தான்: 'இறைக்கும் முன் கேட்கவும்.'

தம்பிள்ஹாமுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஊர் மொட்டைக் குன்றின் உச்சியில் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் ஆறே கிடையாது.