மோனிஷாவின் மூச்சுத் திருட்டு

காவிரித்தாய் மேல் சத்தியம்: இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

காலை ஏழு மணி. தறி ஓட்டும் வளவன், ஏழு வயது மகள் மோனிஷாவைத் தோளில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குள் நுழைந்தார். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மூச்சை மீட்டுக் கொடுத்திருந்தார்கள். வழியில் வீட்டில் நிறுத்தி எடுத்த குட்டித் தலையணையைக் குழந்தை விடவில்லை.

“புள்ளையோட மூச்சத் திருடிட்டாங்கம்மா. பக்கத்து ஊட்டு வேல்முருகன் பட்டறைப் பஞ்சுத்தூசிதானுங்க. சீல் வைங்க.”

இன்ஸ்பெக்டர் மஞ்சுளா திருட்டு வழக்காகவே பதிந்தார். வேல்முருகனை வரவழைத்துச் சட்டைப்பையைச் சோதித்தார். மூச்சு இல்லை, வெற்றிலை இருந்தது. அதைப் பறிமுதல் செய்தார்.

“பட்டறைய மூடிட்டா எட்டுக் குடும்பம் என்னங்கம்மா பண்ணும்?” என்றார் வேல்முருகன். “ஆயுத பூசைக்கு நாலு நாள் தறியே ஓடலீங்க. அப்பவும் புள்ளைக்கு மூச்சு இளைச்சுதே?”

“ஆமாங்க,” என்றாள் வளவனின் பின்னாலேயே வந்திருந்த தாய் சௌமியா. “ஆத்தூர்ல எங்கண்ணன் ஊட்டுக்குப் போனப்பவும் விடியக்காலம் இளைச்சுதுங்க.”

“அங்க தறி?” என்றார் மஞ்சுளா.

“ஏதுங்க? மரவள்ளிக்கிழங்குதான்.”

“ஆஸ்பத்திரியில?”

“போன மாசம் மூணு நாள் படுத்திருந்துச்சு. நல்லாத் தூங்குச்சுங்க.”

மஞ்சுளா கண்ணை மூடினார். சுவர்க்கடிகாரம் மரியாதைக்கு நின்றது.

“அங்க எதைக் கொண்டு போகல?”

“அவசரத்துல ஓடுனோம். இந்தத் தலகாணியக்கூட எடுக்கலீங்க. மத்தபடி எங்க போனாலும் கூடவே வருமுங்க.”

மஞ்சுளா தலையணையை வாங்கிக்கொண்டு, குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு அதைக் கிழித்தார். இலவம்பஞ்சு இல்லை. தறிக்கடியில் கூட்டி அள்ளிய சாம்பல் நிறக் கழிவு, எண்ணெய் வாடையோடு.

“யாரு தச்சது?”

“நான்தானுங்க,” என்றார் வளவன். “நான் வேல பாக்கற பட்டறையில கூட்டிக் கொட்டறதுங்க. கடைப் பஞ்சவிட மெத்துனு இருக்கும். எம் புள்ள நல்லாப் படுக்கட்டும்னு...”

“அப்ப நீங்கதான் திருடன். பட்டறைத் தூசி சுவருக்கு அந்தப் பக்கம். இது ராத்திரி பூரா மூக்குக்கடியில. தறி நின்னப்பவும் இது கூட இருந்துச்சு. ஆத்தூருக்கும் கூடவே போச்சு. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகல.”

வளவன் தலை குனிந்து புகாரைத் திரும்பப் பெற்றார்.

“மூச்சுதான் என்கிட்ட இல்லையே, அந்த வெத்தலையவாவது திருப்பிக் குடுங்கம்மா,” என்றார் வேல்முருகன்.

மாலையில் அவருடைய தறிகள் பழையபடி ஓடின.

யாரும் கேட்காதது ஒன்று: அந்தத் தலையணை தைத்தது போன சித்திரையில்தான். மோனிஷாவுக்கு இளைப்பு மூன்று வயதிலிருந்தே இருக்கிறது.