ஐம்பத்தெட்டு டிகிரி

"யா அல்லாஹ்!"

ஆசியாவின் அலறலில் கூத்தாநல்லூரின் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது.

வீட்டு மாடியில் டிக்கெட் புக்கிங் ஆபீஸ். நாற்காலியில் அவள் கணவர் ஜெக்கரியா. கழுத்தில் சார்ஜர் ஒயர் இறுகியிருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவர் நோன்பு திறக்க அவள் கொண்டுவந்த பேரீச்சம்பழங்கள் தரையெங்கும் உருண்டன.

மறுநாள் காலை.

அதே அறைக்கு வந்த இன்ஸ்பெக்டர் செம்மொழியை, ஜெக்கரியாவின் தம்பி தௌபீக் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"உடம்புச் சூட்டை வச்சு, அஞ்சுலேர்ந்து ஆறுக்குள்ள உயிர் போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார் மேடம். அப்ப வீட்ல இருந்தது அண்ணி மட்டும்தான். இன்னும் ஏன் அரெஸ்ட் பண்ணல?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நாலரையிலேர்ந்து பள்ளிவாசல்ல. நோன்புக் கஞ்சி ஊத்திட்டிருந்தேன். இருநூறு பேர் சாட்சி."

ஆசியா மூலையில் நின்றிருந்தாள். புருஷனையும் இழந்து, கொலைகாரி என்ற பெயரையும் சுமக்கப் போகிறாள். பாவம்.

செம்மொழி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள்.

"இது அடிக்கடி சூடாகி நின்னுடுதுன்னு மெக்கானிக் ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கார். ப்ராசஸர் கோர் எத்தனை டிகிரின்னு நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவாகும். நேத்து காலைல நாப்பத்திரண்டு. ஒரு மணிக்கு மேல ஏறி ஐம்பத்தெட்டு. அஞ்சரை வரைக்கும் இறங்கவே இல்ல."

தௌபீக்கின் முகம் மலர்ந்தது.

"அப்ப அண்ணன் அஞ்சரை வரைக்கும் அதுல வேலை பார்த்திருக்கார். உயிரோட இருந்திருக்கார்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்..." செம்மொழி பக்கத்து வரிசையைத் தொட்டுக் காட்டினாள். "ஆனா ஒரு மணிக்கப்புறம் ப்ராசஸர் வேலையே செய்யல. வெறும் ரெண்டு பர்சென்ட். சும்மா கிடக்கிற மெஷின் ஏன் சுடணும்?"

தௌபீக் திரையை உற்றுப் பார்த்தான்.

"ரூம் சுட்டிருக்கு தௌபீக். ஒரு மணிக்கே கொன்னுட்டு ஏ.சி.யை அணைச்சாச்சு. மேல தகரக் கூரை. பொணம் ஆறவே இல்ல. டாக்டர் ஏமாந்துட்டார்."

செம்மொழி சுவரிலிருந்த ஏ.சி.யை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாராவது வந்தா ரூம் வழக்கம்போல இருக்கணுமே... அதனால அஞ்சரைக்கு ஏ.சி. திரும்ப ஓடுது. இது போன்லேர்ந்தே இயக்குற ஏ.சி. அப்படித்தான் போட்டிருக்காங்க. உங்க அண்ணிகிட்ட இருக்கிறது பட்டன் போன். கரண்டி ஒரு கையில இருந்தப்ப, உங்க இன்னொரு கையில என்ன இருந்துச்சு?"

தௌபீக் பாக்கெட்டை அழுத்திப் பிடித்தான். கான்ஸ்டபிள் அந்தக் கையை விலக்கி போனை எடுத்தார். ஏ.சி.யை இயக்கும் ஆப் அதில் இருந்தது.

"இந்தக் கட்டடத்தை மதரஸாவுக்கு எழுதப் போறேன்னார் அண்ணன்..." அவன் குரல் உடைந்தது. "நான் எங்க போய்த் தங்குறது?"

செம்மொழி விலங்கைப் பூட்டினாள்.

"கவலையை விடுங்க. அரசாங்கமே இடம் தருது... என்ன, ஏ.சி. மட்டும் இருக்காது."