காலி அறையில் ஈரம்

இயோனி தோளைக் கொடுத்துக் கட்டிலைத் தள்ளினாள். அது அசையவில்லை. வழவழப்பான தரையில் அவள் செருப்புதான் வழுக்கியது. புதுத் தம்பதி கீழே வரவேற்புக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். விடுதிக்காரர்கள் மணிக்கட்டில் அடையாளப் பட்டை மாட்டி, கையில் ரம் கோப்பையைக் கொடுத்து, அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் இந்தக் கட்டில் இடம் மாறியிருக்க வேண்டும்.

மெத்தை மறுபடியும் ஈரமாக இருந்தது.

காலையில்தான் விரிப்பை மாற்றினாள். பூட்டி வைத்த அறை. ஆனாலும் கட்டிலின் இடதுபக்கத்தில், ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்து எழுந்த மாதிரி நீளமாக ஒரு பள்ளம். அதன் ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. விருந்தாளிகள் உடம்பில் பூசிக்கொள்ளும் தேங்காய்க் களிம்பின் வாசனை இல்லை அது. படகு பெட்ரோலும் எலுமிச்சையும் கலந்த வாசனை.

அந்த வாசனைக்குச் சொந்தக்காரன் அவள் புருஷன் லாசெல்ஸ். இதே விடுதியின் படகோட்டி. பவளப்பாறை பார்க்கப் போன இடத்தில் தவறி விழுந்த ஒரு விருந்தாளியைத் தூக்கிவிடக் குதித்தான். விருந்தாளி கரை சேர்ந்தார். லாசெல்ஸைக் கடல் இன்னும் திருப்பித் தரவில்லை.

நேற்றுதான் அவன் செத்ததற்கான ஒன்பதாம் ராத்திரிச் சடங்கு முடிந்தது. முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, டோமினோ ஆட்டக் கட்டைகளைப் பலகை அதிர அடித்து, வறுத்த மீனும் வெள்ளை ரம்முமாக ஊரே உட்கார்ந்து பாடியது. விடியும் முன்பு லாசெல்ஸின் அக்கா மெர்வா வீட்டையே புரட்டிப்போட்டாள். மெத்தை தலைகீழாயிற்று, கட்டில் எதிர்ச்சுவருக்குப் போயிற்று, திரைச்சீலை மாறியது. செத்தவன் திரும்பி வந்து பார்த்தால் இது தன் அறை என்றே தெரியக் கூடாது. தெரியாவிட்டால்தான் போய்ச் சேருவான்.

"அவன் படுத்த இடம் ஒண்ணு விடாம மாத்திரணும், இயோனி," என்றாள் மெர்வா. "ஒண்ணு மிச்சமிருந்தாக்கூட அங்கயே தங்கிருவான். தங்கினா சும்மா இருக்க மாட்டான். துணைக்கு ஆளக் கூப்பிடுவான்."

இயோனி தலையை மட்டும் ஆட்டினாள்.

வாசலில் தள்ளுவண்டி வந்து நின்றது. இதே மாடியில் அவளோடு அறை சுத்தம் செய்யும் ஷெர்னெட்.

"என்னடி, வீட்டப் புரட்டினது போதாதுன்னு ஓட்டலையும் புரட்டுறியா? மேற்பார்வைக்காரி மிஸ் பான்சி பாத்தா உன்னத் தூக்கி வெளிய வெச்சிருவா." சிரித்துக்கொண்டே வந்தவள் இயோனியின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "அவன் படகுக்காரன்டி. மாடிப்படியே ஏறினதில்ல. இங்க எதுக்கு வரப்போறான்?"

இயோனி கட்டிலின் மறுமுனையைக் காட்டினாள். ஒரு கை பிடிக்கச் சொல்லிக் கேட்டாள். ஷெர்னெட் மெத்தையில் கை வைத்தாள். உடனே எடுத்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனவள், யாரோ விருந்தாளி கூப்பிடுவதாக முணுமுணுத்துவிட்டு, வண்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

குழந்தைகளை விடாத விடுதி. கீழே நீச்சல் குளத்திலிருந்து வந்த சிரிப்பெல்லாம் வளர்ந்தவர்களின் தடித்த சிரிப்பு. அதோடு சேர்ந்து பாட்டுக்காரர்களின் கித்தார், பனிக்கட்டியை அரைக்கும் இயந்திரம், கோப்பை கோப்பையில் இடிக்கும் சத்தம். பிறகு மழை வந்தது. முதலில் பனையோலைக் குடைகளின் மேல், பிறகு மாடி முகப்பில், பிறகு எங்கும். சிரிப்பு ஓடி ஒளிந்தது. கித்தார் நின்றது. கடல் மேல் கவிந்த கருப்பு அறைக்குள்ளும் வந்து, விருந்தாளிகளுக்காகத் துண்டை மடித்துச் செய்து வைத்த அன்னத்தின் கழுத்தைச் சுவரில் நிழலாக நீட்டி வரைந்தது.

சொட்டு.

ஏசியாக இருக்கும் என்று நினைத்தாள். ஏசி நின்றிருந்தது.

சொட்டு. கட்டிலுக்கு அந்தப் பக்கம்.

அவள் குனிந்தபடியே இருந்தாள். நிமிரவில்லை. ஒருபுறம் குளியல் தொட்டி, ஒருபுறம் சுவரோடு கட்டிய அலமாரி. திருப்பினால் சன்னல் பக்கம்தான் திருப்ப முடியும். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள்.

கட்டில் நகர்ந்தது.

லேசாக. மிக லேசாக.

"ஷெர்னெட்?"

பதிலில்லை. ஆனால் எதிர்முனை உயர்ந்தது. கம்பள விளிம்பில் கால் தட்டாமல் தூக்கி, சற்றே இடதுபக்கம் ஒதுக்கி, பழகிய கை ஒன்று இழுத்தது. அவள் தள்ளவில்லை. கூடவே போனாள். எலுமிச்சை வாசனை மூச்சை அடைத்தது. மரச்சட்டம் தரையைத் தொட்டதும் கண்ணைத் திறந்தாள்.

கட்டில் கடலைப் பார்த்து நின்றது. சட்டத்தின் அந்த முனையில் நான்கு விரல்களின் ஈரம்.

கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 

கல்யாணமான புதிதில், இந்த அறை காலியாகக் கிடந்த ஒரு மழை இரவில், யாருக்கும் தெரியாமல் லாசெல்ஸைப் பின்படி வழியாக இங்கே கூட்டி வந்திருந்தாள். மெர்வாவுக்கும் தெரியாது, ஷெர்னெட்டுக்கும் தெரியாது. கண் விழிக்கும்போது படுத்தபடியே கடலைப் பார்க்க வேண்டும் என்று அவன்தான் ஆசைப்பட்டான். இரண்டு பேருமாகக் கட்டிலைத் தூக்கித் திருப்பினார்கள். இதே சன்னலுக்கு நேராக. இதே போல.

இத்தனை நாளும் அவனுக்கு இது தன் அறைதானா என்று தெரியவில்லை. வந்து படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து எழுந்து போயிருக்கிறான்.

இப்போது தெரிந்துவிட்டது.

இடதுபக்கத்து மெத்தை மெல்ல அமுங்கியது. தலையணை குழிந்தது. பிறகு வலதுபக்கம், அன்று அவள் படுத்த பக்கம், விரிப்பின் நுனி தானாக எழும்பி, அவளுக்காக மடிந்து திறந்தது.