உடும்பு போட்ட இரட்டை முடிச்சு

உடும்பு என்பது அவளுடைய பெயர் இல்லை. உண்மையான பெயர் பள்ளிப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அப்பா அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. வயது பத்து.

அவளுடைய நாய்க்கு மேனேஜர் என்று பெயர். யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். தான் மட்டும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது.

தினமும் காலையில் மேனேஜரை வெளியே கூட்டிப்போவது உடும்பின் வேலை. மற்ற நாய்க்காரர்கள் எல்லாரும், தங்கள் நாய் தெருவில் உட்காரும்போது வானத்தைப் பார்ப்பார்கள். உடும்பு மட்டும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, மேனேஜர் போட்ட கக்காவை அள்ளி, பையைத் திருப்பி, ஒரு முடிச்சுப் போடுவாள். அதன் மேல் இன்னொரு முடிச்சு. பிறகு வீட்டு வாசலில் இருக்கும் பச்சைத் தொட்டியில் போடுவாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்க நேரமாகிவிட்டது. அவர்கள் நடந்து திரும்புவதற்குள் குப்பை வண்டி போய்விட்டது. உடும்பு கையில் பையோடு வண்டியைத் துரத்தினாள். மேனேஜர் அவளைத் துரத்தியது.

தெருமுனை திரும்பியதும் இருவரும் நின்றுவிட்டார்கள். வண்டிக்கார அக்கா நடைபாதை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு சின்னக் குவியல். அதிலிருந்து ஒரு ரோஸ் பையை எடுத்து, வளைந்த கம்பி ஒன்றால் முடிச்சை நெம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பாத்தா தெரியலையா பாப்பா? முடிச்சு அவிழ்க்கிறேன். பச்சைத் தொட்டிக் குப்பை உரக்கிடங்குக்குப் போகுது. ஒரு பிளாஸ்டிக் பை இருந்தாலும் வண்டியையே திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்படியே தூக்கிப் போட்டா என்னக்கா?"

"உள்ள இருக்கிறது காய்த்தோலா கக்காவான்னு பிரிச்சாத்தானே தெரியும்? காய்த்தோல்னா உரத்துக்கு. கக்கான்னா ஆகாது. அந்த உரம் கீரை போடுற நிலத்துக்குப் போகுது." அக்கா நிமிர்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள். "யாரோ ஒரு மகராசி ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு முடிச்சுப் போடுறா. என் நகமே போச்சு."

உடும்பு அக்காவின் கையைப் பார்த்தாள். கையுறையின் இரண்டு விரல் நுனிகள் கிழிந்திருந்தன. கையில் இருந்த பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறைத்த மறுநொடியே அதுவும் தப்பாகத் தோன்றியது.

"அந்த மகராசி நான்தான்க்கா," என்றாள்.

அக்கா அவளையும் பார்த்தாள், வாலாட்டிக்கொண்டிருந்த மேனேஜரையும் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று உடும்புக்கு இருந்தது.

"நீயாவது அள்ளுறியே. மத்தவங்க அதுவும் இல்ல," என்றாள் அக்கா. "ஆனா கேட்டுக்க. அடுத்த திங்கக்கிழமையிலிருந்து எந்தத் தொட்டியிலயும் நாய்க் கக்கா இருக்கக் கூடாதாம். இருந்தா அந்த வீட்டுக் குப்பையையே எடுக்காதேன்னு எங்க மேஸ்திரி சொல்லிட்டார். அவரே வீடு வீடா வந்து பார்ப்பாராம். இந்த ஒரு வாரம் நீலத் தொட்டியில போடு. முடிச்சு வேண்டாம்."

"நீலத் தொட்டிப் பை எங்க போகும்?"

"குப்பைமேட்டுக்கு. உன் பேத்திக்குப் பேத்தி வந்து பாத்தாலும் பை அங்கேயேதான் கிடக்கும்."

உடும்பு வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா பேருந்து ஓட்டுநர். அவரைப் பொறுத்தவரை நேரம் என்றால் நேரம், முடிவு என்றால் முடிவு.

"குப்பை எடுக்கலன்னா வீடு நாறிப் போயிடும்," என்றார் அம்மா. "அடுத்த திங்கக்கிழமை காலைல ஏழு மணி வரைக்கும் உனக்கு டைம். அதுக்குள்ள வழி கிடைக்கலன்னா மேனேஜர் சித்தப்பாவோட குடோனுக்குப் போகட்டும்."

சித்தப்பாவின் குடோனில் நாய் என்றால் இரவும் பகலும் சங்கிலிதான். உடும்பு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அம்மாவின் முடிவில் தலையிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"கிடைக்கும்," என்றாள் உடும்பு. "கண்டுபிடிக்கிறேன்."

முதலில் கடைக்குப் போனாள். அங்கே பச்சை இலைப் படம் போட்ட பை இருந்தது. 'மண்ணோடு மண்ணாக மக்கும்' என்று எழுதியிருந்தது.

"எத்தனை நாள்ல மக்கும் அங்கிள்?"

"அதெல்லாம் மக்கிடும்மா."

"அதான், எத்தனை நாள்ல?"

கடைக்காரர் அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கப் போய்விட்டார்.

உடும்பு ஒரு பையை வாங்கி, மண்ணும் தண்ணீரும் கலந்த டப்பாவில் புதைத்து வைத்தாள். மூன்று நாள் கழித்து எடுத்துப் பார்த்தாள். இலைப் படம் மட்டும் உரிந்து போயிருந்தது. பை புத்தம் புதிதாக இருந்தது.

"சரி, பை வேண்டாம்," என்று முடிவு செய்தாள்.

அள்ளுவதற்குப் போன வருடக் கணக்கு நோட்டு இருந்தது. தாளைக் கிழித்து இரண்டாக மடித்தால் போதும், கையில் படாமல் எடுத்துவிடலாம். நோட்டுக்குள் செருகியிருந்த, நூற்றுக்குப் பதினேழு வாங்கிய பரீட்சைத் தாள்தான் முதலில் போனது. அதை இழந்ததில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஆனால் அள்ளியதை எங்கே போடுவது? தொட்டி கூடாது. தெரு கூடாது. கீரைக்குப் போகும் உரத்தில் சேரவே கூடாது. அப்படியென்றால், சாப்பிடும் செடி எதுவும் இல்லாத மண் வேண்டும்.

வீட்டின் பின்பக்கம் அப்படி ஓர் இடம் இருந்தது. சுவர் மூலையில் மஞ்சள் பூப்பூக்கும் மரம் ஒன்று. அதைத் தவிர அங்கே புல்கூட முளைக்காது. வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும், உடும்பு ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி தோண்ட ஆரம்பித்தாள். தரை பாறை மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. குழி மட்டும் ஒரு கிண்ணம் அளவுக்குத்தான் இருந்தது.

மேனேஜர் வழக்கம்போல உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.

"இது உனக்காகத் தோண்டுறேன், ஞாபகம் இருக்கட்டும்," என்றாள் உடும்பு மூச்சு வாங்க.

மேனேஜர் எழுந்து வந்து குழியை முகர்ந்தது. பிறகு என்ன நினைத்ததோ, முன்னங்கால்கள் இரண்டாலும் பறபறவென்று தோண்டத் தொடங்கியது. மண் உடும்பின் முகத்தில் வந்து விழுந்தது. அவள் கொத்துவதும் அது வாருவதுமாக, இருட்டுவதற்குள் முழங்கால் ஆழக் குழி தயார். மேனேஜர் வேலை செய்ததை அந்த வீடு முதல் முறையாகப் பார்த்தது.

பக்கத்து வீட்டுத் தச்சர் மாமா பழைய பெயின்ட் வாளி ஒன்றின் அடியை அறுத்துக் கொடுத்தார். அதைக் குழியில் இறக்கி மூடி போட்டாள். மூடியில் 'மேனேஜர் அறை' என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாக இருந்தது. சனிக்கிழமை காலையில் நாற்றம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் ஈக்கள் குப்பென்று கிளம்பின.

அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குக் குப்பை வண்டி வராததே மேல்," என்றார். "நாளன்னிக்குத் திங்கக்கிழமை."

உடும்பு பின்கட்டுப் படியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. மேனேஜர் வந்து அவள் மடியில் தாடையை வைத்தது. குடோன், சங்கிலி, திங்கட்கிழமை எல்லாம் அவள் மனதில் வரிசையாக வந்தன. அழுதால் நாற்றம் போகாது என்பதும் கூடவே வந்தது. அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, வாளியை என்ன செய்வது என்று கேட்கத் தச்சர் மாமாவின் பட்டறைக்குப் போனாள்.

மாமா அப்போதுதான் வார்னிஷ் டப்பாவைத் தட்டிவிட்டிருந்தார். தரையெல்லாம் ஓடியது. அவர் பதறவே இல்லை. மரத்தூளை இரண்டு கை அள்ளி மேலே தூவினார். கொஞ்ச நேரம் விட்டு, துடைப்பத்தால் கூட்டினார். தரை காய்ந்து கிடந்தது. வாடையும் பாதி போயிருந்தது.

உடும்பு கேட்க வந்ததை மறந்துவிட்டாள்.

"மாமா, மரத்தூள் ஈரத்தைக் குடிச்சிடுமா?"

"குடம் குடமாக் குடிக்கும்."

"எனக்குக் கொஞ்சம் தருவீங்களா?"

"கொஞ்சமா? தினமும் ரெண்டு மூட்டை வெளிய தள்றேன். எடுத்துட்டுப் போறவங்களுக்குக் கும்பிடு போடுவேன்," என்றார் மாமா. "ஆனா இந்தப் பக்கம் இருக்கிற வெறும் மரத்தூளா எடு. அது பிளைவுட் தூள், பசை கலந்திருக்கும். மண்ணுக்கு ஆகாது."

அன்று மாலை உடும்பு குழிக்குள் மரத்தூளைக் கொட்டினாள். அதன் மேல் காய்ந்த இலை, அதன் மேல் ஒரு கை மண். ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை மேனேஜர் தன் பங்கைச் செய்தது. இரண்டு முறையும் அவள் மேலே மரத்தூள் தூவி மூடினாள். ஈக்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. இரவு படுக்கும் முன் அம்மா யாருக்கும் சொல்லாமல் பின்பக்கம் போய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்ததை, உடும்பு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் குப்பை வண்டி வந்தது. கூடவே மேஸ்திரியும் வந்தார். கையில் நோட்டு, காதில் பேனா. அக்கா வாசலில் இருந்த இரண்டு தொட்டிகளையும் கவிழ்த்தாள். பச்சையில் காய்த்தோலும் முட்டை ஓடும் இருந்தன. நீலத்தில் பழைய டப்பாக்கள்.

"உங்க வீட்டுல நாய் இருக்கே. கக்கா எங்க போச்சு?" என்று கேட்டார் மேஸ்திரி. வேறு எங்கேயாவது வீசிவிட்டார்களோ என்று சந்தேகம் அவருக்கு.

"வாங்க சார், காட்டுறேன்," என்றாள் உடும்பு.

எல்லாரும் பின்பக்கம் போனார்கள். மேனேஜர் முன்னால் நடந்தது. உடும்பு மூடியைத் திறந்தாள். மேஸ்திரி எட்டத்தில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து குனிந்தார். பட்டறை வாசனைதான் வந்தது.

"காய்கறிச் செடி பக்கத்துல இல்லையே?"

"இல்ல சார். பூ மரம் மட்டும்தான். இது நிரம்பினா மண்ணைப் போட்டு மூடிட்டு அடுத்த குழி தோண்டுவேன். அதுக்கும் ஆள் இருக்கு," என்று மேனேஜரைக் காட்டினாள்.

மேஸ்திரி நோட்டில் ஏதோ எழுதினார். அக்கா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்க வீட்டுக்கு டிக் அடிச்சிட்டார் பாப்பா."

உடும்பு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "குடோனுக்கு வேற நாய் பாத்துக்கச் சொல்லி உங்க சித்தப்பாவுக்கு நானே போன் பண்றேன்," என்றார். உடும்பு மேனேஜரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உள்ளே தையல் இயந்திரம் திடீரென்று வேகமாக ஓடியது.

மேஸ்திரி கிளம்பவில்லை. நோட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு அக்காவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, எங்க உரக்கிடங்குல காவலுக்கு மூணு நாய் இருக்கு. தினமும் என்ன செய்யுறதுன்னு எனக்கே தெரியல. நீ வந்து ஒரு வழி சொல்லுவியா?"

உடும்பு கொஞ்சம் யோசித்தாள். மூன்று நாய் என்றால் மூன்று மடங்கு மரத்தூள்.

"ஸ்கூல் விட்டதும் வரேன் சார்," என்றாள். "நாய்ங்களைக் கட்டி வைக்காதீங்க. தோண்ட ஆள் வேணும்."