லைனை விட்டுப் போகாதவர்கள்

ரிசீவரை எடுத்ததும் லியோட்டாவுக்கு உறுத்தியது ஈனாவின் குரல்தான். டவுன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஈனா பேசுவதற்கு உண்மையில் டெலிபோனே வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் ஒக்லஹோமா முழுக்கக் கேட்கும். காற்று சாதகமாக இருந்தால் டெக்சஸ்காரர்கள் பதிலும் சொல்வார்கள். அந்தக் குரல் அன்று தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

"என்னம்மா லியோட்டா, கிணத்துக்குள்ள நின்னுகிட்டா பேசற? சத்தமாச் சொல்லு."

முள்வேலிக் கம்பியையே டெலிபோன் கம்பியாக்கி இழுத்த லைன் அது. வழியில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் அந்த ஒரே கம்பிதான். ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எல்லா வீட்டிலும் அடிக்கும்; எல்லா வீட்டிலும் ஒரு கை ஓசைப்படாமல் ரிசீவரை எடுக்கும். எத்தனை பேர் ஒட்டுக் கேட்கிறார்களோ அத்தனைக்குப் பேசுகிறவர் குரல் தேயும். யார் கேட்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டியதில்லை. பின்னால் கானரிக் குருவி பாடினால் டீக் வீட்டுக் கிழவி. கடிகாரம் நொண்டி நொண்டி அடித்தால் கிராவுஸ் வீடு. நாற்காலி முனகினால் ஓர்ஃபா பஃபிங்டன். அவள் உட்கார்ந்தால் முனகாத நாற்காலியை இன்னும் எந்தத் தச்சனும் செய்யவில்லை.

ஆனால் இப்போது குரல் தேயக் காரணமே இல்லை. லைனில் மிஞ்சியது லியோட்டாவின் வீடு ஒன்றுதான்.

போன வருஷம், வாஷிங்டனிலிருந்து வந்த ஆட்கள் இந்த மண் இனி தேறாது, நிலத்தை அரசாங்கத்துக்கு விற்றுவிட்டுக் கிளம்புங்கள் என்று சொன்ன அன்று, அவள் புருஷன் ஹார்லன்தான் கொதித்துப்போய் எல்லா வீட்டையும் கூப்பிடும் நீள மணியை அடித்தான். போன ஜனாதிபதி ஹூவரைத் திட்டியவர்கள், இப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைத் திட்டியவர்கள், இரண்டு பேரையும் திட்டியவர்கள், எல்லாரும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில் சத்தியம் செய்தார்கள். என்ன வந்தாலும் இந்த லைனை விட்டுப் போக மாட்டோம்.

பிறகு பஃபிங்டன் குடும்பம் லாரியில் மெத்தையைக் கட்டிக்கொண்டு, யார் முகத்திலும் விழிக்காமல் கலிஃபோர்னியாவுக்குப் போயிற்று. அடுத்து கிராவுஸ் குடும்பம். யாரிடமிருந்தும் ஒரு தபால் அட்டைகூட வரவில்லை. டீக் கிழவி மட்டும் நுரையீரல் நிறையத் தூசியோடு கல்லறைக்குப் போனாள். மூன்று வீட்டுச் சுவரிலும் டெலிபோன் பெட்டிகள் அப்படியே தொங்கின.

இன்று வடக்கே எழுந்த புழுதிப் புயலின் கறுப்புச் சுவர் மதியத்தையே விழுங்கிவிட்டது. கோழிகள் இரவென்று நம்பித் தூங்கப் போயின. முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவுக்குப் பதில் வடக்கேயுள்ள கன்சாஸின் மண் கால் ஏக்கர் வரும் காலம் அது. லியோட்டா சமையலறை விளக்கை ஏற்றியிருந்தாள். ஜன்னல்களிலும் குழந்தையின் தொட்டிலுக்கு மேலும் தூசியைத் தடுக்கத் தொங்கவிட்ட ஈரச் சீலைகளிலிருந்து தகரத் தட்டில் சேறாகச் சொட்டியது. சுவர் இடுக்கெல்லாம் யாரோ மாவு சலிப்பதுபோல் ஓயாமல் ஒரு ஓசை. சீலைக்குள் மூன்று வயது டெசி இருமினாள். காய்ந்த இருமல், கடைசியில் ஒரு சின்ன விசில். ஹார்லன் டவுன் மண்டபத்தில், நிலத்தை விற்கக் கூடாதென்று கூட்டத்தில் முழங்கிக்கொண்டிருந்தான். டாக்டரும் அங்கேதான் இருந்தார்.

"ஈனா, டெசிக்கு மூச்சு வாங்குது. உதடு நீலமாயிருக்கு. டாக்டரை அனுப்பு."

"ஒண்ணுமே கேக்கலையே..." ஈனாவின் குரல் இன்னும் தேய்ந்து அறுந்தது.

அந்த இடைவெளியில் ஒரு கானரி பாடியது.

லியோட்டா ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். அந்தக் குருவி கிழவிக்கு முன்பே செத்துப்போயிருந்தது. பேக்கிங் பவுடர் டப்பாவில் வைத்து, முட்டிபோட்டு, லியோட்டாவே தன் கையால் புதைத்தது. இப்போது குருவிக்குப் பின்னால் கடிகாரம். நொண்டும் கடிகாரம். அப்புறம் ஒரு நாற்காலி நிதானமாக முனகியது.

"யாரது?"

மண் சலிக்கும் ஓசை. அவள் வீட்டில் அல்ல. காதுக்குள்.

"ஓர்ஃபாக்கா? நீங்கதான் போயிட்டீங்களே."

"எங்கடி போறது?" வம்பு பேசும்போது வரும் அதே சாவகாசக் குரல். "வாக்குக் குடுத்தோம்ல. நீதான் போகப் போறியாமே. ராத்திரி ஹார்லன்கிட்ட கெஞ்சினியே, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம்."

ராத்திரி ரிசீவர் கொக்கியில்தான் தொங்கியது, யாரும் கேட்டிருக்க முடியாதபடி. லியோட்டாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது.

சீலைக்குள் டெசி இருமினாள். விசில் நீண்டது.

"அக்கா, கொஞ்சம் வெச்சிடுங்க. எல்லாரும் வெச்சிடுங்க. குரல் போக மாட்டேங்குது. புள்ள செத்துடும்."

"வெக்கலாம். ஆனா நீயும் போயிட்டா லைன் வெறிச்சோடிப் போயிடுமேம்மா. உன் வீட்டுலேருந்து யாராச்சும் இருப்பீங்களா?"

"இருப்போம்."

"சத்தியமா?"

"சத்தியமா. யாராச்சும் இருப்போம். வெச்சிடுங்கக்கா."

கிளிக். கடிகாரம் நின்றது.

கிளிக். நாற்காலி.

கிளிக். குருவி.

லியோட்டா மறுபடி டாக்டரைக் கேட்டாள்; ஈனாவின் குரல் காதைக் கிழித்தது. இப்போ கணீர்னு கேக்குதே, முன்னாடியே இப்படிப் பேசக் கூடாதா என்று கடிந்துகொண்டு, ஜன்னல் வழியாகவே மண்டபத்தைப் பார்த்துக் கத்தினாள். டாக்டர் காரைக் கிளப்புகிறார், ஹார்லனும் கூடவே ஏறிவிட்டான், இருட்டில் வழி தவறாமல் வேலியை ஒட்டியே வந்துவிடுவார்கள் என்றாள். லியோட்டா சுவரில் நெற்றியைச் சாய்த்து அழுதாள். டெசி பிழைத்துக்கொள்வாள். விற்றுவிட்டுப் போய்விடலாம். ஹார்லன் இனி மறுக்க மாட்டான்.

கிளிக்.

யாரோ எடுத்தார்கள்.

ஈனாவின் குரல் ஒரு இழை தேய்ந்தது.

எடுத்தவர்களின் பின்னால் குருவி இல்லை. கடிகாரம் இல்லை. சொட்டும் ஓசை. தகரத் தட்டில், சேறாக. அதற்குப் பின்னால் ஒரு இருமல். காய்ந்த இருமல். கடைசியில் சின்ன விசில்.

லியோட்டா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் திரும்பினாள்.

விளக்கு வெளிச்சத்தில் தொட்டில். மேலே சீலை. இதுவரை மூச்சுக்கு மூச்சு உப்பித் தணிந்த சீலை. இப்போது தட்டையாகத் தொங்கியது. அதன்மேல் தூசி, கலையாமல், மெல்லப் படிந்துகொண்டிருந்தது. அறையில் இருமல் இல்லை.

காதில் இருந்தது.

"அம்மா," என்றது ரிசீவர், ரகசியமாக, ஒட்டுக் கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்துக்கொண்டு. "நான் லைன்ல இருக்கேன்."

அதன் பின்னால், மிக அருகில், கானரி மறுபடியும் பாடத் தொடங்கியது.