பத்தொன்பதாவது தாள்

பதினெட்டுத் தாள்களோடு நின்றிருக்க வேண்டிய பிரிண்டர், கொஞ்சம் யோசித்துவிட்டு, பத்தொன்பதாவதையும் இழுத்தது.

ஓட்டுநர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனிதர்களைப் போல இயந்திரங்களுக்கும் அவ்வப்போது கிறுக்குப் பிடிக்கும் என்று அறிந்தவர். முன்னறையை அடைத்துக் கிடந்த பலகை மேசையில், தான் ஓட்டிய பாதையையே பொம்மை ரயிலுக்காக எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி அமைத்துக்கொண்டிருந்தார். அதற்கான வரைபடத்தை மேசையின் அதே அளவில் அச்சிட்டு, தாள் தாளாக ஓரம் சேர்த்து ஒட்டி, அதன் மேலேயே தண்டவாளத்தை ஆணியடிக்க வேண்டும். போன வாரம் கணினியில் 'தாளுக்குள் அடக்கு' என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட மறந்ததில், ஒவ்வொரு தாளும் துளித் துளியாகச் சுருங்கி, கடைசி வரிசை இரண்டு விரல் தள்ளிப் போய்விட்டது. சூடு கண்ட பூனை. இந்த முறை ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அளவு பார்க்க இருந்த பத்து சென்டிமீட்டர் கோட்டை இரும்பு அளவுகோலால் அளந்த பிறகே ஒட்டினார்.

அன்று காலையில், போன வாரம் பிசகிய தாள்கள் மேசையில் கிடந்தபோதே, மனைவி சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, ஆத்துப் பாலம் தாண்டினா ஒரு பெரிய வளைவு வருமே? இதுல நேரா போகுது."

"இடம் பத்தல."

"என்னது?"

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அவள் காதுக் கருவியைச் சரியாக அழுத்திக்கொண்டாள்.

"இடம் பத்தலன்னேன்."

"இவ்ளோ பெரிய மேசையிலயா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். பதினோரு வருடத்துக்கு முன், ஒரு மழை மாலையில், அந்த வளைவில் ஒரு பெண் குடை பிடித்தபடி தண்டவாளத்தின் நடுவே முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தாள். அவருடைய ரயில் அவள் மேல் ஏறியது. இரண்டு முறை ஹாரன் அடித்ததாக விசாரணையில் சொன்னார். கூட இருந்த உதவி ஓட்டுநரும் ஆமாம் போட்டார். அவளுக்குக் காது மந்தம் என்று யாரோ சொன்னதும் வசதியாகப் போயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று கோப்பை மூடினார்கள். சங்கை யாரும் ஊதவே இல்லை. ஹாரன் பிடியில் இருந்திருக்க வேண்டிய அவருடைய கை, பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக்கொண்டிருந்தது. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கும் காது போகத் தொடங்கியபோதும் சொல்லவில்லை.

பத்தொன்பதாவது தாளில் ஒரு வளைவு தொடங்கியிருந்தது.

அளவுகோலை வைத்தார். சரியாகப் பத்து. மேசை ஓரத்தில் இருந்த பன்னிரண்டாம் தாளோடு சேர்த்துப் பார்த்தார். கோடுகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. கணினித் திரையில் பாதை இன்னும் நேராகத்தான் ஓடியது. பக்கங்கள் பதினெட்டு என்றுதான் காட்டியது. அதற்குள் இருபது வந்தது. அச்சை நிறுத்தச் சொல்லி அழுத்தினார். இருபத்தொன்று. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, உள்ளே யாரோ கையால் சுற்றுவது போல, மெதுவாக, கறகறவென்று, இருபத்திரண்டு.

ஒட்டாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஓரத்தோடு ஓரம் பொருந்துகிற தாளைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் உயிர் போய்விடும் போலவும் இருந்தது. மேசையிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து நடைக்கு, மண்டியிட்டு, டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்து ஒட்டிக்கொண்டே போனார். நடையின் இடது பக்கம் படுக்கையறை. மனைவி மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். கழற்றி வைத்த காதுக் கருவி தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது. நடையின் முடிவில் கொல்லைக் கதவு. வெளியே வானம் கறுத்து, ஜன்னல் மேல் தகரத்தில் முதல் தூறல் தட்டத் தொடங்கியிருந்தது. பாதை அந்தக் கதவை நோக்கித்தான் வளைந்தது.

இருபத்தாறாம் தாளில் பாதையோரம் ஒரு சின்னச் சதுரம். இங்கே ஹாரன் அடி என்று சொல்லும் பலகை. அவர் அதை வரையவில்லை. அதையும் ஒட்டினார்.

முன்னறைக்குத் திரும்பியபோது இருபத்தேழு காத்திருந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு வட்டம். மையத்திலிருந்து விளிம்புக்கு எட்டுக் கோடுகள். என்ஜினைத் திருப்பும் சுழல்மேடையை வரைபடத்தில் இப்படித்தான் போடுவார்கள் என்று முதலில் நிம்மதியானார். பழக்க தோஷத்தில் அளந்தும் பார்த்தார். பன்னிரண்டு மில்லிமீட்டர். எந்த என்ஜினும் அதில் திரும்ப முடியாது. எண்பத்தேழால் பெருக்கினார். ஒரு மீட்டருக்குச் சற்று மேல்.

மேலிருந்து பார்த்தால் குடை அப்படித்தான் இருக்கும்.

"மழை வந்துடுச்சே," என்று நடையிலிருந்து மனைவியின் குரல், காதுக் கருவி இல்லாதபோது பேசுகிற உரத்த குரல். "துணியெல்லாம் நனையுது. நான் எடுத்துட்டு வரேன்."

"போகாத," என்று நடை முனைக்கு வந்தார்.

அவள் ஆணியில் தொங்கிய குடையை எடுத்தாள். தரையில் ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்து, "கொல்லை வரைக்கும் ரயில் விட்டுட்டீங்களா," என்று தனக்குத்தானே சிரித்தாள். கொல்லைக் கதவைப் பார்த்துக் கிளம்பினாள். அந்தப் பாதையின் மேலேயே, முதுகு காட்டி, நடந்தாள்.

படுக்கையறையில் டம்ளர் கிணுகிணுத்தது. பிறகு தரை. சூடான இரும்பின் வாசனை, ஈர மசகின் வாசனை. இரண்டும் அவருக்குப் பெண்டாட்டி முகத்தைப் போலத் தெரிந்தவை. பின்னால் முன்னறைச் சுவரிலிருந்து வெளிச்சம் வந்தது. அவருடைய நிழல் நடை நெடுக நீண்டு அவள் குதிகாலைத் தொட்டது. தாளில் இருந்த மைக்கோடுகள் மினுங்கின.

எட்டு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். கால் வரவில்லை. முழங்கால்கள் மடங்கியிருந்தன. இருக்கையில் உட்கார்ந்திருப்பது போல.

"நில்லு. திரும்பிப் பாரு."

மழைச் சத்தம்.

"நான் ஹாரன் அடிக்கல," என்று கத்தினார். பதினோரு வருடத்தில் முதல் முறை. "நான் அடிக்கவே இல்ல."

கேட்க யாருமில்லை. வலது கை ஹாரனைத் தேடிக் காற்றில் துழாவியது. சுட்டது.

குனிந்து பார்த்தார். விரல்களுக்குள் பிளாஸ்க் மூடி. விளிம்பு வரை டீ. ஆவி பறந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது, கொல்லை வாசலில் குடை விரிந்தது. வெளிச்சத்தில் அதன் எட்டுக் கம்பிகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் திரும்பவில்லை.